சி.எஸ்.கே. ஸ்க்ரூவும் துடைக்கிற தண்ணியும்: ஒரு சிரிஞ்ச் பம்ப்பின் காது விரிந்த கதை

நாங்கள் செய்து விற்கிற சிரிஞ்ச் பம்ப், ஆஸ்பத்திரியில் சிரிஞ்சில் இருக்கும் மருந்தை நோயாளிக்கு மெதுவாகச் செலுத்தும் கருவி. பழுதென்று திரும்பி வந்த முதல் பம்ப்பை ஒரு பழைய தலையணை உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். உள்ளே ஒரு சீட்டு: "பம்ப் சாயுது. பார்த்து அனுப்பவும்." மேசையில் வைத்து ஆன் செய்தேன். மோட்டார் ஓடியது, அலாரம் அடித்தது, மருந்து போகும் அளவும் சரியாக இருந்தது. எலக்ட்ரானிக்ஸ் பார்க்கும் நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கம் ஒண்ணும் இல்லப்பா, உன் பக்கம்தான்" என்று சந்தோஷமாகப் போய்விட்டார். திருப்பிப் பார்த்தேன். பம்ப்பின் முதுகில், ஸ்டாண்டு கம்பியைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் ஒரு பக்கமாக ஆடியது. அதைத் தாங்க உறையிலிருந்து நீளும் துண்டுக்குக் காது என்று பெயர். அந்தப் பிளாஸ்டிக் காதில், ஸ்க்ரூ துளையிலிருந்து விளிம்பு வரை மயிரிழை போல ஒரு விரிசல். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட்டது.

2024 ஜூன் மாதம் அது. அதுவரை 62 பம்ப்புகள் கொடுத்திருந்தோம். அடுத்த ஆறு வாரத்தில் இன்னும் எட்டு வந்தன. ஒன்பதிலும் அதே காது, அதே இடம்.

எங்கள் கம்பெனி வியாசர்பாடியில், எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. கீழே அசெம்பிளி, மேலே டிசைன், மொத்தம் பதினெட்டு பேர். பக்கத்து ஷெட்டில் ரயில் பெட்டிக்கான பிராக்கெட் போகும். எதிர் ஷெட்டில் லாரிக்கான பாகங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 1955இல் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் புல்லட் பைக். இவற்றை நம்பி வளர்ந்த லேத், மில்லிங் பட்டறைகள் இந்தப் பக்கம் நிறைய. மருத்துவக் கருவி டிசைன் செய்கிறவனுக்கு இது பெரிய வசதி. காலையில் ஒரு ஜிக் (பாகத்தைப் பிடித்து வைக்கும் சட்டம்) வரைந்து கொடுத்தால் மாலை டீக்குள் கையில் வந்துவிடும்.

கிளாம்ப் ஆடினால் என்ன, பம்ப் ஓடுகிறதே என்று கேட்கலாம். எங்கள் விற்பனைப் பிரிவில் அப்படித்தான் கேட்டார்கள். அதற்குப் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஸ்டெப்பர் மோட்டார் ஒரு திருகுத்தண்டைச் சுற்றும். அதில் கவ்விய அரை நட் ஒன்று சிரிஞ்சின் பின்தண்டை மெதுவாகத் தள்ளும். எவ்வளவு மெதுவாக? 50 மி.லி. சிரிஞ்சின் உள்விட்டம் ஏறத்தாழ 29 மி.மீ. மணிக்கு 5 மி.லி. போக வேண்டுமானால் தண்டு ஒரு மணி நேரத்தில் நகர்வது சுமார் ஏழரை மி.மீ. மட்டுமே. கண்ணால் பார்த்தால் நகர்வதே தெரியாது. இந்த வேகத்தில் போகிற மருந்துகளும் சாதாரணமானவை அல்ல. ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் நாரட்ரினலின் போன்றவை உடம்பில் நிமிடக் கணக்கில்தான் நிற்கும். விடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது பம்ப் கம்பியில் அரை மீட்டர் சறுக்கி இறங்குகிறது என்று வையுங்கள். அரை மீட்டர் நீர்மட்டம் என்பது சுமார் 37 மி.மீ. பாதரச அழுத்தம். சிரிஞ்சின் ரப்பரும் குழாயும் அந்த வித்தியாசத்துக்கு ஏற்பக் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். அதுவரை நோயாளிக்குப் போகிற மருந்து குறையும் அல்லது நிற்கும். நர்ஸ் பதறிப்போய் பம்ப்பைத் தூக்கி மாட்டினால், தேங்கியது மொத்தமாக உள்ளே போகும். மணிக்கு 2 மி.லி. ஓடுகிற மருந்தில் 0.2 மி.லி. என்பது ஆறு நிமிட டோஸ். அது ஒரே மூச்சில் போகிறது. இப்படி நடக்கலாம் என்று மருத்துவக் கருவிகளின் அபாயங்களைக் கணிக்கும் ஐ.எஸ்.ஓ. 14971 தரத்தின்படி நாங்கள் வைத்திருக்கும் அபாயக் கோப்பில் ஒரு வரி ஏற்கெனவே இருந்தது. அதற்கு எதிரே "கிளாம்ப் வலிமைச் சோதனை செய்யப்பட்டது" என்று எழுதியிருந்தவன் நான்தான்.

நல்லவேளை, எந்தப் பம்ப்பும் விழவில்லை. சாய்ந்ததை ஒரு நர்ஸ் கவனித்து மாற்றியிருந்தார்.

"எவனோ கீழ போட்டிருப்பான்"

எங்கள் முதல் ஊகம் இதுதான். ஆஸ்பத்திரியில் பொருளை எப்படிக் கையாள்வார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ற மிதப்பு. மூன்று நாள் இதிலேயே போனது. கீழே விழுந்த பம்ப்பின் மூலையில் அடிபட்ட தடம் இருக்க வேண்டும். ஒன்பதில் ஒன்றில்கூட இல்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் ஒரு காதை அறுத்து எடுத்து, விரிசலைப் பிரித்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். இந்த உறை பாலிகார்பனேட்டும் ஏ.பி.எஸ்.சும் கலந்த பிளாஸ்டிக். அடிபட்டு உடைந்தால் உடைந்த முகம் சொரசொரப்பாக இருக்கும், ஓரத்தில் பிளாஸ்டிக் இழுபட்டு வெளுத்திருக்கும். இதில் வெளுப்பே இல்லை. கண்ணாடி போல வழவழப்பான முகம், பக்கத்திலேயே இணையாக இன்னும் நாலைந்து நுண்கீறல்கள். அடியில் உடைந்தது இப்படி இருக்காது. இழுவிசையில் நிற்கிற பிளாஸ்டிக்கை ஏதோ ஒரு ரசாயனம் தொட்டுத் தொட்டுத் திறந்திருக்கிறது. தனியாக அந்த விசையால் உடையாது, தனியாக அந்த ரசாயனத்தாலும் கரையாது. இரண்டும் சேர்ந்தால் மெதுவாகப் பிளக்கும். பிளாஸ்டிக் டிசைன் படித்தவர்கள் எல்லாரும் இதைப் பரீட்சையில் எழுதியிருப்போம்.

இன்னொன்றும் தெரிந்தது. ஒன்பதில் ஆறு காதுகளில் விரிசல் வெளிப்பக்கம், ஸ்க்ரூ தலை உட்காரும் குழியில் தொடங்கியிருந்தது. மற்ற மூன்றில் உள்பக்கம், அலுமினியக் கிளாம்ப்பை ஒட்டிய முகத்தில். ஒரே விரிசல் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. ஒரே இடத்தில் உடைந்தாலும் உடைத்தவர்கள் இரண்டு பேர்.

வார்டில்

எங்கள் கையேட்டில் "மிதமான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைக்கவும்" என்று இருந்தது. அந்த வாக்கியத்தை வேறொரு கையேட்டைப் பார்த்து எழுதினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நிஜத்தில் எதைக் கொண்டு துடைக்கிறார்கள் என்று பார்க்க, அதிகப் பம்ப்புகள் திரும்பிய வடசென்னை மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யு.வுக்கு அனுமதி வாங்கிப் போனேன். பொறுப்பு சிஸ்டர், "ஸ்பிரிட்தான் போடுறோம்" என்றார். சரி என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அங்கேயே கிளம்பியிருந்தால் இந்த ஆய்வு தப்பான இடத்தில் முடிந்திருக்கும்.

வெளியே வரும்போது துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவர் ஸ்டாண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் ஸ்பிரே பாட்டில். பம்ப்பின் மேலேயே நேராக நாலு அடி அடித்தார், துணியால் முன்பக்கத்தை ஒரு இழுப்பு இழுத்தார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். முதுகுப் பக்கம் வழிந்தது வழிந்தபடியே நின்றது.

"அக்கா, துணில நனைச்சுத் துடைக்க மாட்டீங்களா?"

"இருவது கட்டில் இருக்கு தம்பி. ஒவ்வொண்ணுத்துக்கும் துணிய நனைச்சுப் புழிஞ்சினு இருந்தா ஷிஃப்டே முடிஞ்சிடும். இத அடிச்சா தானா காயும்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"ஷிஃப்டுக்கு ஒரு வாட்டி. பேஷண்ட் மாறுனா தனியா ஒரு வாட்டி. கொரோனா வந்ததுல இருந்து இப்படித்தான்."

பாட்டிலில் இருந்தது ஸ்பிரிட் இல்லை. குவாட்டர்னரி அம்மோனியம் சேர்ந்த கிருமிநாசினிக் கரைசல். கேனில் வருவதைத் தண்ணீரில் கலந்து பாட்டிலில் ஊற்றிக்கொள்கிறார்கள். கலவை அளவு கையளவுதான். பாலிகார்பனேட் கலவைகளுக்கு இந்த வகை ஆகாது என்பது இந்தத் துறையில் தெரிந்த விஷயம். தண்ணீர் காய்ந்த பிறகும் இது போகாது. மெல்லிய படலமாகத் தங்கி, அடுத்த ஷிஃப்டில் இன்னும் கொஞ்சம் சேரும். எங்கள் பம்ப்பில் அது தங்குவதற்கு நானே ஒரு கிண்ணம் வரைந்து கொடுத்திருந்தேன்.

அந்தக் கிண்ணத்தைப் பற்றி. ஊருக்கெல்லாம் சி.எஸ்.கே. என்றால் மஞ்சள் சட்டை. பட்டறையில் சி.எஸ்.கே. என்றால் கவுன்ட்டர்சங்க் ஸ்க்ரூ. தலை கூம்பாக இருக்கும். துளையின் வாயையும் கூம்பாகக் குடைந்துவிட்டால் தலை மேற்பரப்போடு சமமாக உட்காரும். பார்க்க அழகு, கை கிழிக்காது. பம்ப்பின் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் காதுகள். நடுவில் அலுமினியக் கிளாம்ப். காதின் வழியே பக்கவாட்டில் இரண்டிரண்டாக நாலு எம்4 (4 மி.மீ. விட்டம்) சி.எஸ்.கே. ஸ்க்ரூக்கள். அப்படித்தான் வரைந்திருந்தேன். கூம்புத் தலையைச் சுற்றி ஒரு சின்ன வளையப் பள்ளம் மிஞ்சும். அதில் கரைசல் தேங்கும்.

கால் திருப்பு

வெளிப்பக்கம் உடைத்தவர் கிடைத்தார். உள்பக்கம் யார்?

எங்கள் அசெம்பிளியின் மூத்தவர் இருபது வருடம் லாரி பாகங்கள் செய்த பட்டறையில் இருந்துவிட்டு வந்தவர். எல்லாருக்கும் அண்ணன். அவரிடம் சண்டைக்குப் போவது போலப் போய் நின்றால் ஒன்றும் கிடைக்காது. டீ வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு கிளாம்ப்பை முதலிலிருந்து மாட்டிக் காட்டச் சொன்னேன். ஸ்க்ரூவின் மரையில் நீல த்ரெட் லாக்கர், அதாவது ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை, ஒரு சொட்டு வைத்தார். முறுக்கினார். இறுகிய பிறகு மணிக்கட்டால் இன்னொரு கால் திருப்பு.

"அந்தக் கால் திருப்பு எதுக்குண்ணே?"

"போன வருஷம் நீதான வந்து சொன்ன, கிளாம்ப் லூசாவுதுன்னு கம்ப்ளைன்ட் வருது, டைட்டா போடுங்கன்னு? பசையும் நீ சொன்னதுதான்."

நான் சொன்னதுதான். முதல் தொகுப்பில் கிளாம்ப் தளர்கிறது என்று இரண்டு புகார்கள் வந்திருந்தன. நின்றபடியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன், டிராயிங்கில் எழுதவில்லை. டிராயிங்கில் முறுக்கு அளவே இல்லை. "நன்கு இறுக்கவும்" என்று ஒரு குறிப்பு மட்டும். இரும்பில் பழகிய கைக்கு "நன்கு" என்றால் என்ன அர்த்தம் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அந்த நீலப் பசை இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே காற்று இல்லாத இடத்தில் இறுகும். வெளியே பிதுங்கியது இறுகாது, திரவமாகவே நிற்கும், பாலிகார்பனேட்டிலோ ஏ.பி.எஸ்.சிலோ பட்டால் கரைசலைவிட மோசமாகக் கடிக்கும். பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அதன் விவரத்தாளிலேயே இருக்கிறது. மரையிலிருந்து பிதுங்கிக் காதின் உள்முகத்துக்கு வந்திருக்கிறது. உள்பக்கம் உடைத்தவர் இதுதான். மூன்றாவதாக ஒருவர் இல்லாமல் போனதற்கு நன்றி.

முறுக்கு மானியை வைத்து அண்ணன் இறுக்குவதை அளந்தேன்: சுமார் 2.4 நியூட்டன் மீட்டர். பட்டறைக் கணக்கில், ஸ்க்ரூவின் இழுவிசை என்பது முறுக்கை 0.2 மடங்கு விட்டத்தால் (இங்கே 0.004 மீட்டர்) வகுத்தது. 2.4ஐ 0.0008ஆல் வகுத்தால் 3000 நியூட்டன். 300 கிலோ எடைக்குக் கிட்டத்தட்ட சமம். அலுமினிய மரைக்கு அது பெரிதில்லை. ஆனால் 90 டிகிரிக் கூம்புத் தலை அந்த விசையோடு பிளாஸ்டிக் துளைக்குள் இறங்கும்போது, விறகில் ஆப்பு வைத்தது போல வெளிப்பக்கமாகத் தள்ளும். உராய்வைக் கழித்தாலும் துளையைச் சுற்றிய வளையம் முழுக்க இழுவிசையில் நிற்கிறது. துளைக்கும் காதின் விளிம்புக்கும் நடுவே நான் விட்டிருந்தது 3.5 மி.மீ.

கடைசியாக ஒரு முடிச்சு: முதலில் ஏன் தளர்ந்தது? பிளாஸ்டிக் தொடர்ந்து அழுத்தத்தில் இருந்தால் மெதுவாக வழிந்துகொடுக்கும். ஸ்க்ரூவின் பிடி இறங்கும். தளர்ந்ததால் இறுக்கினோம், பசை வைத்தோம். இறுக்கியதாலும் பசையாலும் வெடித்தது. கிளாம்ப்பைப் பிடித்து வைக்கும் விசை பிளாஸ்டிக் வழியே போகிறது என்ற ஒரே தவறுதான் இரண்டு புகார்களாக, ஒரு வருட இடைவெளியில் வந்திருக்கிறது.

பட்டை வளைத்தது

சொல்வது ஒன்று, நிரூபிப்பது வேறு. மோல்டு போடுபவரிடம் அதே பிளாஸ்டிக்கில் 3 மி.மீ. தடிமன் பட்டைகள் வார்த்து வாங்கினேன். எதிர் ஷெட்டில் அலுமினியத்தில் இரண்டு வில் வடிவக் கட்டைகள் கடைந்து தந்தார்கள்: ஒன்று 300 மி.மீ. ஆரம், இன்னொன்று 150. பட்டையின் தடிமனை ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் மேல்முகத்தின் நீட்சி வரும். 300இல் அரை சதவீதம், 150இல் ஒரு சதவீதம். ஐ.எஸ்.ஓ. 22088இன் மூன்றாம் பாகம் இந்த முறையைத்தான் சொல்கிறது. செலவென்று பார்த்தால் ஒன்றுமில்லை. டிசைன் செய்யும்போதே இதைச் செய்திருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பட்டைகளை வளைத்துக் கட்டி, மேலே நனைத்த பஞ்சை வைத்து மூடினோம். தண்ணீர் மட்டும் வைத்ததில் ஒரு வாரமும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்பிரிட் வகையான 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அரை சதவீத நீட்சியில் ஒன்றும் செய்யவில்லை, ஒரு சதவீதத்தில் மெல்லிய கீறல்கள். வார்டிலிருந்து கேட்டு வாங்கிவந்த கரைசல் ஒரு சதவீத நீட்சியில் மதியம் வைத்தது, மறுநாள் காலை இரண்டு துண்டு. அரை சதவீதத்தில் மூன்றாம் நாள் கீறல் தெரிந்தது. நீலப் பசையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வருவதற்குள் பட்டை டிக் என்று விட்டிருந்தது. அண்ணன் அந்தத் துண்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை பசை டப்பாவை மேசையிலிருந்து எடுத்து மேல் ஷெல்ஃபில் வைத்துவிட்டார்.

இத்தனைக்கும் இந்த உறை, மருத்துவ மின்கருவிகளுக்கான பாதுகாப்புத் தரமான ஐ.ஈ.சி. 60601-1இன் இயந்திர வலிமைச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியது. 250 நியூட்டன் அழுத்தம், அரை கிலோ இரும்புக் குண்டை 1.3 மீட்டரிலிருந்து போடுவது, வார்ப்பின் உள்விசை வெளிப்படுகிறதா என்று 70 டிகிரியில் ஏழு மணி நேரம் அடுப்பில் வைப்பது. எல்லாம் பாஸ். சோதனைக்குப் போனவை நான் என் கையால் மெதுவாக முறுக்கிய, பசை வைக்காத, கரைசல் படாத மாதிரிகள்.

மாற்றியது

முதல் யோசனை, முறுக்கு அளவை டிராயிங்கில் எழுதி, அளவாக விட்டுக்கொடுக்கும் டிரைவர் வாங்கிக் கொடுப்பது. அதைச் செய்தோம். ஆனால் அதை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. சர்வீஸுக்குப் போகிறவர் கையில் அந்த டிரைவர் இருக்காது.

எனவே காதின் துளையை நேர் துளையாகப் பெரிதாக்கி, அதில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புஷ் (சின்னக் குழாய்) வைத்தோம். புஷ்ஷின் நீளம் காதின் தடிமனைவிட ஒரு இழை குறைவு. தலையின் அடி தட்டையாக இருக்கும் பான் ஹெட் ஸ்க்ரூ, அதன் கீழ் அகல வாஷர். இறுக்க இறுக்க வாஷர் பிளாஸ்டிக்கை லேசாக அமுக்கிவிட்டு புஷ்ஷில் போய் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் போகிற விசையெல்லாம் இரும்பிலிருந்து அலுமினியத்துக்குப் போகும். அண்ணன் தாராளமாகக் கால் திருப்பு போடலாம். பசைக்குப் பதில் மரையில் நைலான் ஒட்டு வைத்த ஸ்க்ரூ. மண்ணடிக் கடைகளில் மாதிரி கிடைத்தது, மொத்தமாக வரவழைக்க மூன்று வாரம் ஆனது.

துளை பெரிதானால் விளிம்பு இன்னும் குறுகும். காதை இன்னும் 4 மி.மீ. அகலமாக்க வேண்டியிருந்தது. மோல்டுக்காரரிடம் பயந்துகொண்டேதான் போனேன். பாகத்தில் பிளாஸ்டிக் கூடுகிறது என்றால் மோல்டில் இரும்பை எடுத்தால் போதும், அது எளிது. துளையை உண்டாக்கும் இரும்புக் கம்பியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். "கொறைக்கச் சொல்லியிருந்தா வெல்டிங் வச்சு ரோதனையா போயிருக்கும் சார்" என்றார். அதிர்ஷ்டம்தான், என் முன்யோசனை எதுவும் இல்லை.

பிளாஸ்டிக்கையும் மாற்ற வேண்டும். பாலிகார்பனேட்டோடு பி.பி.டி. என்ற இன்னொரு பிளாஸ்டிக் கலந்த வகை இந்தக் கரைசல்களை நன்றாகத் தாங்கும். எங்கள் பட்டைச் சோதனையில் ஒரு சதவீத நீட்சியில் வாரம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இங்கேதான் இன்ஜினியரின் அவசரமும் சட்டத்தின் வேகமும் முட்டின. மருத்துவக் கருவி விதிகள் 2017இன்படி எங்கள் பம்ப் சி வகுப்பு, அதாவது அபாயம் சற்று அதிகமான வகை. மத்திய அரசின் அனுமதி வேண்டும். அந்த விதிகளின் ஆறாம் அட்டவணை, செய்பொருளை மாற்றுவதைப் பெரிய மாற்றம் என்கிறது. முன் அனுமதி வாங்காமல் செய்யக்கூடாது. எரியும் தன்மை, குண்டுச் சோதனை, விழும் சோதனை எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. இதைக் குறை சொல்ல மாட்டேன். பழைய பிளாஸ்டிக்கில் நாங்கள் எடுத்த பாஸ் புதியதற்கு எப்படிச் செல்லும்?

ஆகவே இரண்டாகப் பிரித்தோம். முறுக்கு அளவும் பசை நீக்கமும் உடனே. புஷ், காது மாற்றம் ஆகியவற்றை ரெகுலேட்டரி, அதாவது அனுமதி வேலைகளைப் பார்க்கும் தோழி ஆவணப்படுத்தித் தனியாக எடுத்துப் போனார். பிளாஸ்டிக் மாற்றத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். புஷ் வந்துவிட்டால் காதில் இழுவிசையே பெரிதாக இல்லை. விசை இல்லாத இடத்தில் கரைசல் பட்டாலும் பிளக்காது. காத்திருக்க முடிந்தது அதனால்தான்.

கையேட்டில் சோப்பு நீர் வாக்கியத்தை எடுத்தாயிற்று. சோதித்துப் பார்த்த கரைசல் வகைகளின் பெயர்கள், "பம்ப்பின் மேல் நேராக ஸ்பிரே செய்யாதீர்கள்" என்ற படம், இரண்டும் வந்தன. அந்தப் படத்தைப் பார்த்து அக்கா ஸ்பிரே அடிப்பதை நிறுத்துவார் என்று நான் நம்பவில்லை. அதனால் புதிய காதின் மேல் ஒரு சின்ன இறவாணம் போல விளிம்பு இழுத்திருக்கிறேன். வழிகிறது ஸ்க்ரூவைத் தாண்டிப் போய்ச் சொட்டும்.

வெளியே இருந்த 53 பம்ப்புகளையும் தேடிப்போய் மாற்றினோம். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயிலேறி, பையில் புஷ்ஷும் புதுப் பின்னுறையும் வைத்துக்கொண்டு, வார்டு வார்டாக. வெளியிலிருந்து நன்றாகத் தெரிந்த பம்ப்புகளிலும் ஸ்க்ரூவைக் கழற்றியதும் பதினொன்றில் குழியைச் சுற்றிக் கீறல் தொடங்கியிருந்தது. 52 முடிந்தது. வரிசை எண் 41 மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. வாங்கிய மருத்துவமனை அதை ஒரு நோயாளியின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதாகப் பதிவேட்டில் இருக்கிறது; அந்த வீட்டுக்காரர்கள் இடம் மாறிவிட்டார்கள். கோப்பு இன்னும் மூடப்படவில்லை. திங்கட்கிழமை தோறும் அந்த மருத்துவமனை ஸ்டோருக்கு ஒரு போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.